ஓட்டாமல் விட்ட இரண்டாவது செய்தி

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்பது முந்தாநாள் நீ போனில் பேசியபோதே தெரிந்துவிட்டது. இனி உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்த பிறகு, முதல் வரியிலேயே அதை மீறக் கூடாது. இந்தக் கடிதத்தோடு ஒரு வீடியோ கேசட்டும் வரும். கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதைப் போட்டுப் பார். தலைகீழாகச் செய்யாதே. உங்கப்பன் சொல்வதையெல்லாம் தலைகீழாகச் செய்தே நீ உருப்பட்டாய் என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் வரிசையாகச் செய்.

நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அப்பா, சாயங்காலச் செய்திய நேரலையில பாத்துக்கச் சொல்றாங்க. கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து எது ஓடணும், எது நிக்கணும்னு நாந்தான் சொல்லணுமாம்" என்றாய். நான் வழக்கம்போல, "அப்படின்னா இனிமே தமிழ்நாடே என் மவ விரல்ல ஓடுதுன்னு சொல்லு" என்றேன். நீ சிரிக்கவில்லை. "ஒரு பட்டனை ஒழுங்கா அமுக்கத் தெரியாதவப்பா நானு. முடியாதுன்னு சொல்லிட்டேன். யோசிச்சுத் திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லுன்னாங்க. வேலைய விட்டுட்டு வந்துடறேன். சேலத்துல கல்யாண வீடியோ எடிட் பண்ணிக்கிட்டு இருக்கறேன்" என்றாய். அந்தப் பட்டன் எந்தப் பட்டன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

உங்கப்பன் எப்படிப்பட்ட ஆள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் மலைப் பாதைக்கு எழுபது வளைவு என்றால் என் வாய்க்கு எழுபத்தொன்று. பதினாறு வயதில் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் காலை முதல் பஸ்ஸின் கண்ணாடியில் 'வண்டி ரிப்பேர்' என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டேன். வளப்பூர் நாட்டிலிருந்து விடியலில் நடந்து வந்த சனமெல்லாம் பலாப்பழத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, இன்றைக்கென்ன கூட்டமே இல்லை என்று வண்டியை எடுத்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு கீழே போனேன். இந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூறு தடவையும் நீ சிரித்திருக்கிறாய். அன்றைக்கு அந்த பஸ்ஸைத் தவறவிட்டவர்களில் யாருக்கு என்ன அவசரம் இருந்தது என்று நான் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது அந்தக் கதையை எடுத்தேன்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு டிவி கிடைத்தால் என்ன ஆகும்? கேபிள் தொழிலை ஆரம்பித்தபோது மலைக்குள் முந்நூறு வீட்டுக்குக்கூட இணைப்பு இல்லை. சவுக்கு மரத்திலும் பலா மரத்திலும் ஏறி ஏறி நானே ஒயர் இழுத்தேன். வந்த சேனலை எல்லாம் கொடுத்தது போக ஒரு சேனல் காலியாக இருந்தது. அதில் நம்முடையதை ஓட்டலாம் என்று ஆரம்பித்தது நான். அதை ஒழுங்காக நடத்தியது நீ. கல்யாண வீடியோ எடுக்கும் பழைய கேமராவை முக்காலியில் நிறுத்தி, பின்னால் உங்கம்மாவின் பச்சைப் புடவையைத் தொங்கவிட்டு, ஒன்பதாவது படிக்கும்போதே 'மலைச் செய்திகள்' வாசித்தவள் நீ. மிளகு விலை, பஸ் நேரம், எந்த ஊரில் எப்போது மின்தடை, எந்த வீட்டில் சாவு. "அப்பா, இதை யாருகிட்டக் கேட்டீங்க?" என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் குடைவாய். "காத்துவாக்குல வந்துச்சு" என்றால் எழுதியதை அடித்துவிடுவாய். கல்லூரியில் உனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். அந்த வேலை உனக்கு முன்பே தெரிந்திருந்தது.

இனி அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன். நீ பத்தாவது. செல்வராசு மாமா சந்தையில் நின்றிருந்தபோது ஒரு காக்கை அவன் உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போனது. உங்கம்மாவுக்குத் தம்பி உயிர் என்றால் உயிர். காக்கை தலையில் தட்டினால் கண்டம் என்பார்கள். தட்டப்பட்டவன் செத்துவிட்டதாகச் சொந்தத்தில் ஒருவருக்குப் பொய்யாகச் சேதி சொல்லி அழ வைக்க வேண்டும். அவர்கள் அழுது முடித்ததும், 'ஒன்றுமில்லை, காக்கை தட்டியது' என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கண்ணீரோடு கண்டம் கழிந்துவிடும். நம் பக்கத்தில் இது தெரியாத வீடு இல்லை. உங்கம்மா வளப்பூர் நாட்டிலிருக்கும் அவள் சின்னம்மாவுக்கு பஸ் கண்டக்டர் மூலம் சொல்லியனுப்பலாம் என்றாள். நான்தான் குறுக்கே புகுந்தேன்.

"ஒரு வீட்டுல அழுதா ஒரு கண்டம்தான் போவும். மலையே அழுதா என் மாப்ள நூத்தம்பது வருசம் இருப்பான். நம்மகிட்ட டிவி இருக்குதில்ல?"

உங்கம்மா, "சாவுல போயி வெளையாடறதாங்க?" என்றாள். செல்வராசு அக்கா பேச்சை விட என் பேச்சைத்தான் கேட்பான். எப்போதும் அப்படித்தான். "போடுங்க மச்சான், நல்லாப் பெருசாப் போடுங்க. அந்த மீசை வெச்ச போட்டாவப் போடுங்க. எத்தன பேரு அழுவறாங்கன்னு உள்ளாற ஒளிஞ்சு நின்னு பாக்கறேன்" என்றான். நீ மட்டும் ஒரு கேள்வி கேட்டாய். "சரிங்கப்பா, உடனே இல்லைன்னு சொல்லணுமில்ல? அது எப்ப?" ஒரே கேசட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் பதிந்துவிடலாம் என்று வழி சொன்னதும் நீதான். முதலில் இரங்கல், ஒரு நிமிஷ இடைவெளி, பிறகு மறுப்பு. நிறுத்தாமல் ஓடவிட்டால் போதும். பதினைந்து வயதில் நீ போட்ட அந்த ஒழுங்கை ஐம்பது வயதுக்காரன் கலைத்தேன். அதுதான் இந்தக் கடிதம்.

நீ பதிந்து முடித்து, கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி நிறுத்தி, என் கையில் கொடுத்துவிட்டு டியூஷனுக்குப் போனாய். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டேன். மாலை போட்ட போட்டோ, விளக்கு, உன் குரல். முடிந்த அரை நிமிஷத்துக்குள் எதிர்க் கடைக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். பின்னாலேயே நாலு பேர். பின்னாலேயே பத்துப் பேர். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். செல்வராசு உள்ளே கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அப்போது என் கை போய் நிறுத்தும் பட்டனை அமுக்கியது. கை தவறி அமுக்கவில்லை, கண்ணு. மறந்தும் போகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என் நிகழ்ச்சிக்குக் கூடியதில்லை. இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று நிறுத்தினேன். ஒளிபரப்பு என்பதற்குள் ஒளிப்பதும் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தாலும் இந்தப் பாடம் வராது.

இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தேன். அப்புறம் செல்வராசு கதவைத் திறந்துகொண்டு, "யாரு எனக்கு அதிகமா அழுதீங்க?" என்று வெளியே வந்தான். திட்டினார்கள், அடித்தார்கள், சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, இனி மறுப்பு எதற்கு என்று அதை ஓட்டவே இல்லை. செல்வராசுவின் மனைவி சரசு அத்தை அன்று அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலுள்ள தன் தாய் வீட்டுக்குச் சந்தைக்காகப் போயிருந்தாள். மறுநாள் வருவதாக இருந்தாள். மலைக்குள் ஓடுகிற கேபிள் அடிவாரத்துக்கு எப்படிப் போகும் என்பதால் அவளை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் யாரோ நல்ல மனசுக்காரர் பூத்துக்கு ஓடி, பேளுக்குறிச்சிக்கு போன் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்து நாங்கள் அங்கே போன் போட்டபோது, "சேதி கேட்டதும் கெளம்பீட்டாளே, தம்பி வண்டியில" என்றார்கள். ஏழு மணி பஸ்ஸுக்குக்கூட அவள் நிற்கவில்லை. மழை, பனிமூட்டம், அந்தச் சின்ன டிவிஎஸ் வண்டி. முப்பதாவது வளைவைத் தாண்டிச் சறுக்கியது. அவள் தம்பிக்குக் கால் போனது. அவள் போய்விட்டாள். காக்கை தட்டியது அவனை, கொண்டுபோனது அவளை என்று ஊரில் சொன்னார்கள். காக்கை ஒன்றும் கொண்டுபோகவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சரசு இறந்துவிட்டாள் என்று நான் சொன்னால், "இன்னிக்கும் காக்காயாங்க?" என்று கேட்டார்கள். கீழே ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரும் நேரம் ஆகியும் வாசலில் ஆள் இல்லை. அழுது வீங்கிய முகத்தோடு நீயே போய்க் கேமராவை நிறுத்தி, அத்தை இறந்த செய்தியை வாசித்தாய். "இது உண்மைங்க, தயவு செஞ்சு வாங்க" என்று கடைசியில் சேர்த்தாய். அதே பெண், அதே குரல், அதே பச்சைப் புடவை. டீக்கடையில் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். உடல் செம்மேட்டைத் தாண்டிப் போகும்போதுதான் மலை நம்பியது. அன்றோடு நீ மைக்கைத் தொடவில்லை.

நான் பட்டனை அமுக்கியது தவிர, இதுவரை உனக்கும் தெரியும். தெரியாததை இப்போது எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பெரியவர்கள் நம் வீட்டில் கூடினார்கள். சரசுவின் பெரியப்பா கேட்டார்: "ஏனுங்க, உடனே இல்லைன்னு போட்டிருந்தா பூத்துக்கு யாரும் ஓடியிருக்க மாட்டாங்கல்ல. அடுத்தது ஓடும்னு பேசித்தான வெச்சிருந்தீங்க. ஏன் ஓடல?" செல்வராசு சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அந்தக் கேள்விக்கு மட்டும் தலையை நிமிர்த்தினான். நீ தண்ணீர்ச் செம்போடு கதவருகில் நின்றாய். நான் சொன்னேன்: "கேசட்டுல அது இல்லீங்க. பாப்பா பட்டனை மாத்தி அமுக்கிட்டா போல. பதியவே இல்ல."

அந்தக் கேமராவில் சிவப்புப் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் பதியும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். கணக்குத் தவறினால் கல்யாணம் பதியாது, தரைதான் பதியும். எல்லா வீடியோக்காரர்களுக்கும் ஒரு தடவையாவது நேர்வது. அதனால்தான் அந்தப் பொய் எனக்குச் சட்டென்று வாயில் வந்தது. நீ என்னைப் பார்த்தாய். எதிர்த்துப் பேசுவாய் என்று நினைத்தேன். நீ குனிந்து உன் கட்டை விரலைப் பார்த்தாய். நான் சொன்னதை நம்பிவிட்டாய், கண்ணு. பிறகு, "அந்தக் கேசட்டக் குடுங்கப்பா, பாக்கறேன்" என்று கேட்டாய். ஆத்திரத்தில் அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. மிளகு போட்டு வைக்கும் தகர டின்னில், அடியில் இருந்தது.

'உன் பெண் கவனமில்லாதவள்' என்பதை ஊர் மன்னித்துவிடும், 'நீ வேண்டுமென்றே நிறுத்தினாய்' என்பதை மன்னிக்காது என்று அன்று நினைத்தேன். ஊர் உன்னை மன்னிக்கவில்லை. கல்யாண வீடுகளில் உன்னை முன்னால் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். செல்வராசு உன்னோடு பேச்சை நிறுத்தினான். நீ எதிரே வந்தால் தோட்டத்துக்குள் இறங்கிப் போனான். பன்னிரண்டாவது முடித்ததும், "எம் மவளுக்குத் திறமை இருக்குது, டிவிக்கே படிக்க வெக்கறேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு உன்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேனே, அதில் பாதிதான் பெருமை. நீ கண்முன்னால் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்கும் என்பது மீதிப் பாதி.

அந்தச் சேர்க்கை நாளில் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தலைமைப் பேராசிரியர், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். மற்ற பிள்ளைகளெல்லாம் நடிக்கணும், டைரக்டராகணும் என்றார்கள். நீ, "ஒரு செய்தி வெளிய போனதுக்கப்புறம் அதை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு கத்துக்கணும் சார்" என்றாய். அவர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் நீ படித்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். லீவுக்கு வந்தால் உங்கம்மாவிடம் சொல்வாய், நான் வெளியில் ஒயர் சுற்றிக்கொண்டே கேட்பேன். எந்த விளக்கை எங்கே வைத்தால் முகம் பேசும், மைக்கைச் சட்டையில் எங்கே குத்தினால் துணி உரசாது, மூன்று கேமராவை ஒரே ஆள் எப்படி மாற்றுவது, ஒரு மணி நேரப் பதிவை இரண்டு நிமிஷமாக வெட்டும்போது எதைக் கொல்லக் கூடாது. வானொலிப் பாடத்தில் சொந்தக் குரலில் நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்றிருந்ததாம். நீ எழுதிக் கொடுத்து, உன் தோழியை வாசிக்க வைத்து, மார்க்கைத் தொலைத்தாய். ஏன் என்று உங்கம்மா கேட்டதற்கு, "என் தொண்ட நல்லா இல்லம்மா" என்றாய். நல்ல தொண்டை, கண்ணு. அதை நெரித்தவன் ஜன்னலுக்கு வெளியே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

உன்கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். ஒருத்தி எஃப்.எம்மில் காலையில் பேசுகிறாள். ஒருவன் சீரியலில் உதவி இயக்குநராகி, மாமியார்கள் முறைப்பதை ஆறு பக்கமிருந்து எடுக்கிறான். ஒருவன் விளம்பரப் படக் கம்பெனியில். ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஈரோட்டில் மாவு மில் வைத்திருக்கிறான், அவன்தான் நன்றாகத் தூங்குகிறான் என்றாய். நீ செய்திச் சேனலில் எடிட்டிங் அறைக்குள் போய் உட்கார்ந்தாய். வெட்டியதை மூன்று தடவை பார்க்காமல் நீ அனுப்புவதில்லை என்று உன் மேலதிகாரி மெச்சிக்கொண்டதாகச் சொன்னாய். 'எம் மவ அவ்வளவு கவனம்' என்று நானும் டீக்கடையில் சொல்லிக்கொண்டேன். மூன்று தடவை பார்ப்பது கவனமில்லை. பயம். அந்தப் பயத்தை உன் விரலில் கட்டிவிட்டது நான்.

இப்போது அதே பயம் உன் வேலையைத் தின்ன வந்திருக்கிறது. அதனால்தான் இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. மரமேற முழங்கால் விடுவதில்லை. வீட்டுக்கு வீடு கூரைமேல் குட்டி டிஷ் தட்டுகள் வந்துவிட்டன, என் ஒயரில் இனி துணிதான் காயும். போகும்போது இந்தப் பொய்யையும் மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் நீ போன் செய்துவிட்டாய்.

உனக்கு எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. இன்று காலை செல்வராசு வீட்டுக்குப் போனேன். களத்தில் மிளகைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சிலேடையும் வாயில் வரவில்லை. அவன் கால் நின்றது. "ஒம்போது வருசமா அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்காம இருந்தனே" என்றான். அப்புறம், "கேசட்டு இருக்குதா?" என்றான். துணிப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "வாங்க, போட்டுப் பாக்கலாம்" என்று துண்டை உதறிக்கொண்டு நம் வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தான். மச்சான் என்று கூப்பிடவில்லை.

பூசணம் பிடித்திருந்தது. துடைத்துப் போட்டேன். கோடு கோடாக ஓடியது. இரங்கலைத் தாண்டியது, ஒரு நிமிஷக் கறுப்பைத் தாண்டியது. அப்புறம் நீ வந்தாய். இரட்டைச் சடை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்போது வந்த செய்தி. செல்வராசு மாமா நலமாக இருக்கிறார். காக்கை தட்டியதால் அவ்வாறு சொல்லப்பட்டது. யாரும் அழ வேண்டாம்" என்று தெளிவாக வாசித்தாய். பக்கத்தில் அவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றான். கேமராவைப் பார்த்து, "ஏ சரசு, நான் உசுரோடதான் இருக்கறேன். சந்தையில கருவாடு வாங்காம வந்துறாத" என்றான். அவளுக்கு அது தெரியப்போவதில்லை என்று தெரிந்தே, சும்மா, விளையாட்டுக்கு. இன்று அதைப் பார்த்தபோது அவன் டிவியின் மேல் கையை வைத்துக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை எனக்கில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "உங்கள மன்னிக்கறதப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு இதை ஓட்டுங்க. மலை பாக்கட்டும். அப்புறம் புள்ளைக்கு அனுப்புங்க."

ஓட்டினேன். முன்னால் நானே உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லிவிட்டு ஓட்டினேன். பழைய ஒயரில் இன்னும் மிச்சமிருக்கும் வீடுகள் பார்த்திருக்கும். வாசலுக்கு யாரும் ஓடி வரவில்லை. உங்கம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள், இதுவரை என்னோடு பேசவில்லை.

கண்ணு, திங்கட்கிழமை நீ என்ன பதில் சொன்னாலும் அது உன்னுடையது. சேலத்துக்கு வருவதானாலும் வா. ஆனால் பட்டன் அமுக்கத் தெரியாதவள் என்று சொல்லிக்கொண்டு வராதே. நேரலையில் தவறு வராமல் இருக்காது, வரும். வந்தால் அதே நிமிஷம் சொல்லிவிடு. இருபது நிமிஷம் வைத்துக்கொள்ளாதே. உங்கப்பனிடமிருந்து கற்றுக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

இனி கேசட்டைப் போடு. உன் மறுப்பு முடிந்ததும் நிறுத்திவிடாதே, கொஞ்சம் ஓடவிடு. நான் கேமராவை நிறுத்தாமல் கழற்றியதில் படம் ஆடி, முக்காலியும் தரையும் தெரியும். உன் குரல் கேட்கும்: "அப்பா, ரெண்டாவது பதிவாயிருச்சான்னு ஒருவாட்டி பாருங்கப்பா." அடுத்து ஒரு ஆம்பிளைக் குரல் வரும். அது நான்தான்.

"ஆயிருச்சு கண்ணு. நல்லாவே ஆயிருச்சு."